தண்ணீருக்கு மனை எண் தெரியாது

வீடு, தெரு, நகரம், தண்ணீர் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கட்டடக்கலைக் கல்லூரியில் நெடுங்காலம் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் எழுதுகிறார்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். படம் அருமையாக வரைவாள். ஆர்க்கிடெக்சரில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வரையத் தெரிந்தால் போதுமா? வேலை கிடைக்குமா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: முதலில் உலக நடப்பைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆண்டுப் படிப்பு. நாட்டா போன்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கல்லூரிக்குக் கட்டடக்கலை மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் மன்றத்தின் பதிவும் இல்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப் பலகை மாட்ட முடியாது. வேலை கிடைக்கும். முதல் சில ஆண்டுகளுக்குச் சம்பளம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

படம் வரைவது கூடுதல் தகுதி, அவ்வளவுதான். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் வழக்கமாக ஒன்று கேட்பேன்: "உங்கள் வீட்டு மொட்டைமாடியில் விழும் மழை எங்கே போகிறது?" குழாய்க்குப் போகிறது என்பார்கள். குழாயிலிருந்து? தெருவுக்கு. தெருவிலிருந்து? அங்கே வகுப்பே அமைதியாகிவிடும். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் மட்டும், தெருமுனை ஓடை, ஓடைக்குப் பிறகு கண்மாய், கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த ஊர்க் கண்மாய் என்று தடங்கலில்லாமல் சொல்லி முடித்தாள். அவள் போட்ட கோடு கோணலாகத்தான் இருந்தது. கோட்டை நேராக்க ஒரு பருவம் போதும். அவளுக்குத் தெரிந்திருந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஐந்து ஆண்டும் போதவில்லை.

நீங்கள் இருப்பது திருச்சி. உய்யக்கொண்டான் வாய்க்கால் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. இந்த விடுமுறையில் மகளை அதன் கரையோடு நடக்கச் சொல்லுங்கள். மதகு எங்கே இருக்கிறது, எந்தச் சாக்கடை எங்கே வந்து கலக்கிறது, யார் வீட்டுப் பின்சுவர் கரைமேல் ஏறி நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வரட்டும். அலுப்பில்லாமல் செய்துவிட்டால் யோசிக்காமல் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் லட்சக்கணக்கில் செலவழித்து மழைநீர் வடிகால் கட்டினார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஐப்பசியிலும் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். வடிகாலில் குறையா, எங்கள் தலையெழுத்தா?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: தலையெழுத்தை விடுங்கள். உங்கள் ஊரின் நில அமைப்பைச் சொல்கிறேன்.

தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து சேருகிறது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் உபரி, ஆதம்பாக்கம் பக்கத்திலிருந்து வீராங்கல் ஓடை, எல்லாவற்றுக்கும் முகவரி அதுதான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பிறகு பக்கிங்காம் கால்வாய், பிறகு முட்டுக்காடு முகத்துவாரம், பிறகுதான் கடல். இந்த வழி நெடுகச் சரிவு மிகக் குறைவு. புயல் நேரத்தில் கடல் மட்டம் ஏறியிருந்தாலோ, ஓதம் ஏறும் வேளையாக இருந்தாலோ, கடல் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. பந்தி நிரம்பியிருக்கும்போது வந்தவர்கள் உட்காரத் திண்ணை வேண்டுமல்லவா? பள்ளிக்கரணை அந்தத் திண்ணை. அதன்மேல் குப்பைக் கிடங்கு, ரயில் நிலையம், நாற்கரச் சாலை, கல்லூரி, ஐ.டி. வளாகம் என்று ஒவ்வொன்றாக ஏற்றினோம். 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது சுமார் 1,248 ஹெக்டேருக்கு. அரை நூற்றாண்டுக்கு முன் இருந்த சதுப்பு இதைப்போலப் பல மடங்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

அதனால், தெருவில் வடிகால் எவ்வளவு அகலம் என்பது இரண்டாவது கேள்வி. அது போய் விழும் இடத்தின் மட்டம் என்ன என்பது முதல் கேள்வி. கீழே வாங்க இடமில்லை என்றால், கீழிருந்து மேலே தண்ணீரைக் கொண்டுவரவும் அதே வடிகால் நன்றாகவே உதவும்.

உங்கள் தெருவின் மட்டத்தை நீங்களே பார்த்துவிடலாம். தெரிந்த மேஸ்திரியிடம் டியூப் லெவல் இருக்கும்: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் கணக்கு பொய்த்துவிடும். ஒருவர் உங்கள் வாசலில் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் மறுமுனையோடு குழாய் எட்டும் தூரம் தெருவில் போய் நிற்க வேண்டும். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். இருவரும் அந்த மட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, குறியிலிருந்து தரைவரை டேப் வைத்து அளக்க வேண்டும். இங்கே மூன்றடி, அங்கே மூன்றடி நான்கு அங்குலம் என்றால், அங்கே தரை நான்கு அங்குலம் தாழ்வு. பிறகு அந்தக் குறியிலிருந்து அடுத்த குறிக்கு நகர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு முழுவதையும் முடித்துவிடலாம். வடிகால் மூடியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே யாரையும் இறக்கவும் வேண்டாம். அதன் அடிமட்டம் ஒப்பந்த வரைபடத்தில் இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

பெரும்பாலும் உங்களுக்குத் தெரியவரப்போவது இதுதான்: ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டிருப்பார்கள். தெரு உங்கள் வாசலைத் தாண்டி உயர்ந்திருக்கும். இந்த அளவுக் காகிதத்தோடு அதிகாரியைப் பார்ப்பதற்கும், வெறும் மனுவோடு பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே உணர்வீர்கள்.

கேள்வி: புறநகரில் மனை வாங்கப்போகிறேன். "அப்ரூவ்டு லேஅவுட்" என்கிறார் தரகர். ஏரி இருந்த இடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வங்கி ஊழியர், ஆவடி

பதில்: தரகரைக் கேட்காதீர்கள். சர்வே எண்ணை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் அந்த எண் பட்டா நிலமா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா, வாய்க்காலா, மேய்க்காலா என்று இருக்கும். இணையத்திலேயே பார்க்கலாம். அந்த எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தையும் எடுங்கள். இதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் மனை சுத்தமான பட்டாவாகவே இருக்கலாம். பக்கத்து எண் வாய்க்காலாக இருந்து, அதை யாராவது அடைத்திருந்தால், தண்ணீர் உங்கள் மனை வழியாகத்தான் போகும். ஆகவே கிராம வரைபடத்தை வாங்கி, உங்கள் எண்ணைச் சுற்றிக் குறைந்தது பத்து எண்களையாவது பாருங்கள்.

பிறகு நேரில் போங்கள். கோடையில் வேண்டாம், கார்த்திகையில் போங்கள். கோரையும் சம்பும் முளைத்திருந்தால் அந்த மண் உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. மின்கம்பத்திலும் பழைய வீட்டுச் சுவரிலும் வெள்ளக் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஆடு மேய்ப்பவர் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுங்கள்.

நகரத்துக்குள் இருப்பவர்களும் பெருமைப்பட ஒன்றுமில்லை. தியாகராய நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். நான் குடியிருப்பதும் மேற்கு மாம்பலத்தில்தான்.

கேள்வி: கூவம் எப்போது மணக்கும்?
– ஒரு வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: அதில் கழிவுநீர் விடுவதை நிறுத்திய மறு மழைக்காலத்தில். நிறுத்தாமல் கரையில் பூச்செடி வைத்தால், செடியும் சேர்ந்து நாறும்.

கேள்வி: நான் நான்காம் ஆண்டு ஆர்க்கிடெக்சர் மாணவன். வரைபடத் தாளில் பச்சையாக நாலு மரம் போட்டு, "சூழலியல் வடிவமைப்பு" என்று தலைப்பு வைத்தால் ஜூரியில் மதிப்பெண் வருகிறது. பயிற்சிக்குப் போன அலுவலகத்தில் எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) எவ்வளவு கிடைக்கும் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. இரண்டில் எது பொய்?
– ஒரு மாணவர், சென்னை

பதில்: மரம்தான் பொய். அலுவலகம் உண்மையைச் சொல்கிறது, பாதியைச் சொல்கிறது.

கட்டடக்கலைப் படிப்பில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்று உண்டு. மாணவர் கொண்டுவரும் மனை வரைபடத்தில் மனை எல்லைக்குள் ஒவ்வொரு அங்குலமும் வரையப்பட்டிருக்கும். எல்லைக்கு வெளியே வெள்ளைத் தாள். வடக்கு அம்புக்குறி ஒன்று மிதந்துகொண்டிருக்கும். பக்கத்தில் ஓடை இருந்தாலும், சுடுகாடு இருந்தாலும், ஐந்நூறு குடிசை இருந்தாலும் வெள்ளைதான். ஐந்து ஆண்டு அப்படி வரைந்து பழகியவர் வேலைக்குப் போய் நகரத்தையும் அப்படியே கட்டுகிறார். ஒவ்வொரு மனையும் தன் தண்ணீரைப் பக்கத்து வெள்ளைத் தாளுக்குத் தள்ளிவிடுகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது, அத்தனை வெள்ளைத் தாளும் ஒரே இரவில் நிரம்பின.

இதற்கு மாற்று ஏதோ புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஸ்காட்லாந்துக்காரர் இயன் மெக்ஹார்க் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்ற வடிவமைப்புத் துறையைத் தொடங்கி, மண்ணியலாரையும் நீரியலாரையும் தாவரவியலாரையும் வடிவமைப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்த அழைத்து வந்தார். ஒரு நிலத்தின் சரிவு ஒரு தாளில், மண் ஒரு தாளில், நீரோட்டம் ஒன்றில், காடு ஒன்றில். எல்லாம் ஒளி ஊடுருவும் தாள்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் எங்கே கட்டலாம், எங்கே கைவைக்கக் கூடாது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். 1969இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். நீங்கள் கம்ப்யூட்டரில் லேயர் போடுகிறீர்களே, சிந்தனை அதேதான். லேயர் இருக்கிறது, அதில் ஓடையைப் போடத்தான் ஆள் இல்லை.

எஃப்.எஸ்.ஐ. பேசும் முதலாளிக்கு இது ஒத்துவருமா என்றால், ஒத்துவந்திருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்கு வடக்கே உட்லண்ட்ஸ் என்ற புதுநகரத்தை 1970களில் கட்டியவர் ஜார்ஜ் மிட்செல் என்ற எரிவாயு வணிகர், சூழலியல் துறவி அல்ல. தட்டையான பைன் காடு, தண்ணீர் வடியாத நிலம். மெக்ஹார்க்கின் குழு இயற்கை ஓடைகளை அப்படியே விட்டு, நீர் உறிஞ்சும் மண்ணில் கட்டாமல் காலியாக வைத்து, சாலையோரம் புல் வாய்க்கால் அமைக்கச் சொன்னது. கான்கிரீட் வடிகால் போடுவதைவிட அது மலிவு என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது மிட்செல் தலையாட்டினார். அங்கேயும் பின்னாளில் கட்டிய பகுதிகளில் வழக்கமான வடிகாலுக்கே திரும்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நல்ல வரைபடம் தானாக வாழ்ந்துவிடாது.

உங்கள் அலுவலகத்தில் நீங்கள் செய்யக்கூடியது என்ன? மனைக்கு மட்டும் அல்லாமல், அருகிலுள்ள ஏரியோ கால்வாயோ வரை ஒரு வெட்டுமுகப் படம் வரையுங்கள். ஒரே தாள் போதும். வெள்ளம் வந்தால் எந்த மட்டம்வரை வரும் என்று அதில் ஒரு நீலக் கோடு. மின்பலகை, ஜெனரேட்டர், லிஃப்ட் கட்டுப்பாட்டுப் பெட்டி மூன்றும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால், "சார், இவற்றை மேலே ஏற்றலாமா?" என்று கேளுங்கள். விற்பனைக்கு உதவும் என்பதால் உடனே சரி என்பார். அடுத்து, பெரிய மனை என்றால் விதிப்படி பத்து சதவீதம் திறந்தவெளி விட்டாக வேண்டும். பெரும்பாலோர் அதை வேறெதற்கும் உதவாத மூலையில் ஒதுக்குகிறார்கள். சாலை வசதிக்கு உட்பட்டு, மனையிலேயே தாழ்ந்த பகுதியில் அதை வைக்க முடியுமா என்று பாருங்கள். சதுர அடி ஒன்றும் குறையாது. எஃப்.எஸ்.ஐ. பற்றிப் பேச்சே எழாது. தண்ணீர் நிற்க ஓர் இடம் கிடைத்துவிடும்.

மரத்தை வரைவதானால் என்ன மரம் என்று எழுதுங்கள். புங்கனா, நீர்மருதா, நாவலா? பெயர் இல்லாத பச்சை வட்டத்துக்கு நான் ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை.

கேள்வி: சீனாவைப் பார்த்து சென்னையையும் மழையை உறிஞ்சிக்கொள்ளும் "ஸ்பான்ஜ் சிட்டி", அதாவது பஞ்சு நகரம், ஆக்கப்போவதாகப் படித்தேன். உண்மையில் பலன் உண்டா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காஞ்சிபுரம்

பதில்: பலன் உண்டு, அளவோடு. இந்த எண்ணத்தைப் பரப்பியவர் பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூ கோங்ஜியான். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். ஆற்றைக் கான்கிரீட் பெட்டிக்குள் அடைக்காதே, கரையைச் சரிவாக விடு, செடி வளரட்டும், வெள்ளம் பூங்காவுக்குள் வந்து போகட்டும் என்பது அவர் பாடம். மேயர்களுக்கும் வகுப்பெடுத்தார், அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். 2015இல் சீன அரசு 16 நகரங்களை முன்னோடியாகத் தேர்ந்தெடுத்தது. 2025 செப்டம்பரில் பிரேசிலில் விமான விபத்தில் யூ இறந்துபோனார்.

ஆனால் 2021 ஜூலையில் செங்சோ நகரத்தில் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் பெய்தது. சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து மக்கள் இறந்தார்கள். அந்த நகரமும் பஞ்சு நகரத் திட்டத்துக்குப் பெரும் பணம் ஒதுக்கியிருந்த நகரம்தான். எந்தப் பஞ்சுக்கும் ஒரு கொள்ளளவு இருக்கிறது.

சென்னைக்கு வந்தால் மண்ணைப் பார்க்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர்க் கடலோர மணல், ஊற்றிய தண்ணீரை விழுங்கிவிடும். அங்கே உறிஞ்சு கிணறும் பஞ்சுப் பூங்காவும் வெட்டுங்கள், அருமையாக வேலை செய்யும். உள்ளே போகப் போகக் களிமண். அங்கே அதே பூங்காவை வெட்டினால் கொசுவுக்குத்தான் கொண்டாட்டம். களிமண் பகுதிக்கு நம் முன்னோர் கண்ட வழி ஏரி: தண்ணீரை நிலத்துக்குள் தள்ளாமல் நிலத்தின்மேல் நிறுத்துவது. சீனாவைப் பார்த்துப் பூங்கா கட்டும் ஆர்வத்தில் பாதி, இருக்கிற ஏரியின் வரத்துக்காலைத் திறப்பதில் இருந்தால் நன்றாக இருக்கும். வரத்துக்காலைத் திறந்தால் திறப்பு விழா வைக்க முடியாது. தொல்லை அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குப் பக்கத்தில்தான் பீஷான் – அங் மோ கியோ பூங்கா. அதில் ஓடும் காலாங் ஆறு ஒரு காலத்தில் கான்கிரீட் கால்வாய் என்று சொன்னால் என் பேரன் நம்ப மறுக்கிறான். தமிழ்நாட்டில் இப்படி ஏன் முடியவில்லை?
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: பேரனைப் பூங்காவிலுள்ள குன்றுக்கு அழைத்துப் போங்கள். கால்வாயை உடைத்தெடுத்த கான்கிரீட் பாளங்களை வைத்து அமைத்தது அது. அதைவிடச் சான்று வேண்டாம். 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய், 2012இல் பணி முடிந்தபோது வளைந்து நெளிந்து சுமார் மூன்று கிலோமீட்டர் ஆறாகியிருந்தது.

அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அழகு அல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த ட்ரைசைட்ல் நிறுவனத்தார், வேரும் கல்லும் வைத்துக் கரையைப் பிடித்து நிறுத்தும் முறைகளை முதலில் பக்கத்துச் சிறு வாய்க்காலில் போட்டுப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் பிடித்த செடி வெப்பமண்டல மழையில் பிடிக்குமா என்று யாருக்கும் தெரியாது. பிடித்ததை மட்டும் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். மழை வலுத்தால் எச்சரிக்கை ஒலி, ஆற்றோரத்தில் சிவப்புக் குறிகள், மக்கள் கரையேற நேரம். வெள்ளம் வரும் என்று ஒப்புக்கொண்டு கட்டிய பூங்கா அது.

நம் ஊரில் ஏன் முடியவில்லை? அங்கே பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் வேலியை எடுத்துவிட்டு ஒரே திட்டமாகச் செய்தன. இங்கே ஓர் ஆற்றின் தண்ணீர் ஒரு துறை, கரை இன்னொரு துறை, மேலே போகும் பாலம் மூன்றாவது, கலக்கும் கழிவுநீர் நான்காவது, ஓரத்துக் குடிசை ஐந்தாவது. அத்தனை பேரையும் ஒரே மேசையில் உட்காரவைப்பதுதான் முதல் வடிவமைப்பு வேலை. அதை எந்தக் கல்லூரியிலும் பாடமாக வைக்கவில்லை.

இன்னொன்று. அந்தக் கால்வாயின் தண்ணீர் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. சாக்கடையை வளைத்து நெளித்து விட்டால் ஆறாகிவிடாது.

கேள்வி: பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறேன். ஏ.சி. நின்றால் மூச்சு முட்டுகிறது. இதை வடிவமைத்தவர் எங்கே படித்திருப்பார்?
– ஒரு வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: எங்கே படித்திருந்தாலும், வெயிலில் நின்று படித்திருக்க மாட்டார். மேற்குச் சுவரில் முழுக் கண்ணாடி வைத்து, உள்ளே திரை போட்டு, திரைக்குப் பின்னால் விளக்கு எரித்து, வெளிச்சத்துக்காகக் கண்ணாடி வைத்தோம் என்று சொல்லும் துணிச்சலை நானும் வியக்கிறேன். மேற்கில் இரண்டடி சன்ஷேடால் மாலை வெயிலைத் தடுக்க முடியாது. சூரியன் கீழிறங்கி நேராக முகத்தில் அடிக்கும். செங்குத்துத் தடுப்போ துளைகள் விட்ட ஜாலிச் சுவரோ வேண்டும். இது இரண்டாம் ஆண்டுப் பாடம்.

கேள்வி: நான் மேஸ்திரி, பள்ளிப் படிப்பு எட்டாவதுவரை. மழைநீர் சேகரிப்பு கட்டச் சொல்கிறார்கள். ஆனால் யாரும் அக்கறையாகக் கேட்பதில்லை, அதிகாரி பார்வைக்கு ஒரு குழாய் நிறுத்தினால் போதும் என்கிறார்கள். சரியாகக் கட்டுவது எப்படி? எங்களைப் போன்றவர்களுக்குப் படிப்பு ஏதாவது உண்டா?
– ஒரு மேஸ்திரி, பூந்தமல்லி

பதில்: ஐயா, இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி உங்களுடையது.

வீட்டுக்காரரிடம் சட்டம் பேசாதீர்கள். 2003லிருந்து சட்டம் இருக்கிறது, அதன் பலன்தான் அந்த வெறும் குழாய். கணக்குப் பேசுங்கள். ஆயிரம் சதுர அடி மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 140 சென்டிமீட்டர். பெருக்கினால் 1,30,000 லிட்டர். ஆவியானது, சிந்தியது போக ஒரு லட்சம் கைக்கு வரும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது ஒரு லாரித் தண்ணீருக்கு என்ன கொடுத்தார் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

கட்டும்போது கவனிக்க வேண்டியது: மாடியின் வாட்டம் எல்லா மூலையிலிருந்தும் குழாய் வாயை நோக்கி இருக்க வேண்டும், தளத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் தள ஓடுகளைப் பதிக்காதீர்கள். முதல் மழையில் வரும் தூசியும் பறவை எச்சமும் வெளியே போக ஒரு திருகுமூடி வையுங்கள். வடிகட்டித் தொட்டியில் அடியில் பெருங்கல், நடுவில் சிறுகல், மேலே மணல், மணலுக்கு மேல் வலை. ஆடி முடிவதற்குள் மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும் என்று வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள். ஐயாவிடம் சொன்னால் மறந்துவிடுவார். பழைய கிணறு இருந்தால் அதில் விடுவதுபோல் சிறந்தது எதுவுமில்லை. மண் களியா மணலா என்று ஒரு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, மணி பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். களியாக இருந்தால் உறிஞ்சு குழி வேண்டாம், சேமிப்புத் தொட்டி கட்டச் சொல்லுங்கள்.

படிப்பு பற்றிக் கேட்டீர்கள். ஆரோவில் மண் கட்டுமான நிலையத்தில் கொத்தனார்களும் ஆர்க்கிடெக்டுகளும் ஒன்றாகவே பயிற்சி பெறுகிறார்கள். கேரளத்தில் லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட், செங்கல் அடுக்கும்போது பக்கத்திலேயே நின்று மேஸ்திரியோடு பேசிப் பேசி வடிவமைத்தவர். அவரும் சேர்ந்து தொடங்கிய கோஸ்ட்ஃபோர்டு நிறுவனம் 1985லிருந்து அந்த வழியில் வேலை செய்கிறது. நம் கல்லூரிகளில் சுண்ணாம்பும் சுருக்கி என்ற செங்கல் தூளும் செங்கல் ஜல்லியும் சேர்த்து மாடித்தளம் போடுவதைப் பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறோம். கடுக்காயை ஊறவைத்த தண்ணீர் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கே ஒரு கொத்தனார்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்பை நடத்த வேண்டியவர் நீங்கள், சம்பளத்தோடு. கல்லூரி முதல்வர்கள் யாராவது இதைப் படித்தால், பத்திரிகை முகவரிக்கு எழுதட்டும். இவருடைய விலாசத்தை, அவர் சம்மதத்தோடு, அனுப்பிவைக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஊர்க் குளக்கரைகளில் நடைபாதை, வண்ண விளக்கு, உணவுக் கடை எல்லாம் வந்துவிட்டன. மாலையில் கூட்டம் அலைமோதுகிறது. நீங்கள் இதையும் குறை சொல்வீர்களா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: சொல்வேன். மக்கள் குளத்துக்கு வருவது நல்லது. யாரும் எட்டிப்பார்க்காத குளம் சீக்கிரம் காணாமல் போகும். நடைபாதையோடு எனக்குச் சண்டை இல்லை. கரையின் உட்புறத்தைச் செங்குத்தாகக் கான்கிரீட்டில் கட்டுவதோடுதான் சண்டை. கணுக்கால் ஆழத் தண்ணீரும் சேறும் உள்ள ஓரம்தான் உள்ளானும் நாரையும் இரை தேடும் இடம். மீன்குஞ்சு பிழைப்பதும் அங்கேதான். அந்த ஓரத்தை எடுத்துவிட்டால் நடுவில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் அது தொட்டி.

ஒரு குளத்தையாவது முக்கால் பங்கு கரையைச் சரிவாக, விளக்கில்லாமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள். உங்கள் குளங்கள் நொய்யலிலிருந்து வாய்க்கால் வழியாக நிரம்புபவை. விளக்குக்குச் செலவானதில் ஒரு பங்காவது வாய்க்காலுக்குச் செலவானதா என்று வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். என்ன சொன்னார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.